நீலகிரியில் சமூகநீதிச் சுவரோவியம்: கல்லூரி மாணவர்களும் உள்ளூர்க் கலைஞர்களும் சேர்ந்து செய்ய முழுமையான வழிகாட்டி

கல்லூரிக் குழுக்கள் பெரும்பாலும் கோவையிலிருந்து டிசைனைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டுதான் மலையேறுகின்றன. அதன்பிறகு சுவர் தேடுகிறார்கள், அதன்பிறகு உள்ளூர்க் கலைஞரைத் தேடுகிறார்கள், கடைசியாக ஊர்க்காரர்களைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலே பாதி வேலை சரியாகிவிடும். ஆள், பேச்சு, படம், சுவர், பெயிண்ட்: இதுதான் வரிசை.

இங்கே தரும் அளவுகள் 20 அடி நீளம், 8 அடி உயரம் உள்ள ஒரு சுவருக்கு, அதாவது 160 சதுர அடிக்கு. 10 முதல் 12 மாணவர்கள், இரண்டு அல்லது மூன்று உள்ளூர்க் கலைஞர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை செய்பவர்கள் இதைவிடப் பெரிய சுவரை எடுக்க வேண்டாம்.

1. காலத்தை முடிவு செய்தல்

நீலகிரி முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி.

மூன்று பகுதிக்கும் பொதுவாகச் சுவர் காய்ந்திருக்கும் காலம் பிப்ரவரியும் மார்ச்சும். ஏப்ரல், மே மாதங்களில் சீசன் கூட்டம், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தும் அதிகம், யாருக்கும் பேச நேரமிருக்காது. ஆகவே ஆட்களைச் சந்திப்பதையும் பேச்சையும் நவம்பர், டிசம்பரில் முடித்து, ஜனவரியில் படத்தைத் தயார் செய்து, பிப்ரவரியில் பெயிண்டைத் தொடுங்கள். படுகர் ஊர்களில் ஜனவரியை ஒட்டி ஹெத்தை ஹப்பா என்னும் அவர்களின் திருவிழா வரும். அந்த நாட்களில் கூட்டம் வைக்காதீர்கள்.

2024 மே மாதத்திலிருந்து வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. கல்லூரி வேனில் வருவதாக இருந்தால் புறப்படுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் இந்தக் கவலை இல்லை.

2. உள்ளூர்க் கலைஞரோடு தொடங்குதல்

கலைஞரை வண்ணம் பூச மட்டும் கூப்பிடக் கூடாது. எதை வரைவது என்று யோசிக்கும் முதல் நாளிலேயே அவர் இருக்க வேண்டும். ஊரில் யாரிடம் எப்போது பேசலாம், எந்தச் சுவர் எந்தத் தரப்புக்குச் சொந்தம், எதை வரைந்தால் யாருக்குச் சங்கடம் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு மாதம் அங்கேயே சுற்றினாலும் மாணவருக்கு அது பிடிபடாது.

யாரைத் தேடுவது? கோத்தகிரி அருகே வெள்ளரிக்கொம்பை பகுதியில் குறும்பர் ஓவிய மரபு இருக்கிறது. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாக நூல் எண்ணிப் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வொரு சிறு டவுனிலும் கடை போர்டு எழுதும் ஓவியர் ஒருவர் இருப்பார், ஃப்ளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்து உட்கார்ந்திருப்பார். சுவரில் நிற்கும் எழுத்தும் நேர்கோடும் அவர் கையில்தான் இருக்கும். அவரை விட்டுவிடுவது பெரிய இழப்பு. எங்கே விசாரிப்பது என்று தெரியாவிட்டால் முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில் தொடங்கலாம். கூடலூர் பக்கம் என்றால் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் இருக்கிறது.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று: ‘பழங்குடி ஓவியம்’ என்று இணையத்தில் தேடி, முக்கோண உடலும் குச்சிக் கைகாலும் உள்ள வார்லி உருவங்களை வரைந்துவிடுவது. வார்லி மகாராஷ்டிராவின் மரபு. அதை நீலகிரிச் சுவரில் வரைந்து உள்ளூர் மக்களின் கலை என்று போர்டு வைத்தால், அந்த மக்களுக்கு இருக்கும் சொந்த மரபை அவர்கள் கண்ணெதிரிலேயே இல்லாமல் ஆக்குகிறோம்.

தோடர் பூவேலையைப் பார்த்துச் சுவரில் வரைவதும் சரியில்லை. அதன் வடிவங்கள் துணியின் இழையை எண்ணி எழுபவை. கையால் வரையும்போது எண்ணிக்கை கெட்டு, பார்க்கும் தோடர் பெண்ணுக்கு உடனே தப்பு தெரியும். அந்த வடிவம் வேண்டுமென்றால் அதைப் போடுகிறவர்களிடம் அனுமதி கேட்டு, கட்டத்தாளில் அவர்களையே போட்டுத் தரச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். சில வடிவங்களைச் சுவரில் போட வேண்டாம் என்று அவர்கள் சொல்லலாம். ஏன் என்று துருவாதீர்கள், விட்டுவிடுங்கள்.

3. பணம்: பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்

மாணவர்களுக்கு இது பயிற்சி, மதிப்பெண், சான்றிதழ். கலைஞருக்கு அது கூலியை இழக்கும் நாள். ‘சமூகநீதி வேலை, ஆகவே இலவசம்’ என்று கேட்பதைவிட முரணான காரியம் வேறில்லை.

ஊரில் பெயிண்டர் வாங்கும் நாள்கூலிக்குக் குறையாத தொகையை வேலை நாட்களுக்குக் கொடுங்கள். கலந்து பேச வரும் நாட்களுக்கும் அதே கூலி. வடிவமைப்புக்குத் தனித் தொகை. பஸ் கட்டணமும் சாப்பாடும் இதற்குமேல். நான்கு வரியில் தமிழில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: எத்தனை நாள், எவ்வளவு, எப்போது தரப்படும், படத்தில் யார் பெயர் வரும்.

கல்லூரிக் கணக்குப் பிரிவு ஜிஎஸ்டி பில் கேட்கும். கலைஞரிடம் அது இருக்காது. அப்போது பணம் மூன்று மாதம் இழுக்கும். மதிப்பூதிய வவுச்சர் போதுமா, வங்கிக் கணக்கு நகலும் பான் எண்ணும் வேண்டுமா என்று பேச்சுத் தொடங்கும் முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள். பாதித் தொகையை வேலைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

4. கேட்டல்

நான்கைந்து இடங்கள் போதும்: ஒரு எஸ்டேட் லைன் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஒரு ஹட்டி (படுகர் ஊர்), ஒரு பழங்குடிக் குடியிருப்பு, ஒரு டீக்கடை, ஒரு மகளிர் குழு. ஒரு இடத்துக்கு மூன்று மாணவர்களுக்கு மேல் போகாதீர்கள். பத்துப் பேர் நோட்டுப் புத்தகத்தோடு போனால் கணக்கெடுப்பு என்று நினைத்து, அதிகாரிக்குச் சொல்லும் பதிலைத்தான் சொல்வார்கள். தோட்டத் தொழிலாளர்களை ஞாயிறு காலையிலோ, வேலை முடிந்து மாலை ஐந்து மணிக்குப் பிறகோ பாருங்கள்.

‘உங்க பிரச்சினை என்ன?’ என்று கேட்காதீர்கள். ரோடு, தண்ணி, லைட்டு என்று மனுவில் எழுதுவது வரும். ‘நேத்து எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்ன பண்ணுனீங்கக்கா?’ என்று கேளுங்கள். ஒரு அக்கா தோட்டத்துக்கு ஒரு பாட்டில் தண்ணி கொண்டுபோய், சாயங்காலம் முக்கால் பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வந்ததாகச் சொல்வார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால்தான் பேச்சு பிடிக்கும்: குடித்தால் ஒதுங்க வேண்டும், பக்கத்தில் கழிப்பறை இல்லை, புதருக்குள் போனால் அட்டையும் காட்டெருமைப் பயமும். அந்த முக்கால் பாட்டில் உங்கள் ஓவியத்தின் நடுவே வர வேண்டிய பொருள்.

இலை எடை போடும்போது தண்ணிக்கும் சாக்குக்கும் என்று கழிப்பது, வேலை முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருப்பது, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் சாதிச் சான்றிதழ் அலைச்சல், 2006 வன உரிமைச் சட்டத்தில் போட்ட மனு எங்கே நிற்கிறது என்பது, பசுந்தேயிலைக்கு விலை கட்டாத சிறு விவசாயியின் கணக்கு. இப்படிப் பலதும் வரும். எல்லாம் முக்கியம்தான், ஆனால் எல்லாவற்றையும் ஒரு சுவரில் ஏற்ற முடியாது.

பதிவு செய்யும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். பெயர் எழுதாதீர்கள், லைன் எண் எழுதாதீர்கள். எஸ்டேட்டில் வீடும் வேலையும் ஒரே கையில் இருப்பதால், யார் சொன்னது என்று தெரிந்தால் பாதிப்பு அவர்களுக்குத்தான், மலையிறங்கிப் போய்விடும் நமக்கு ஒன்றுமில்லை.

5. ஒரே வாக்கியம், அதன்பின் படம்

கேட்டவற்றிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள். அது யாராவது உண்மையில் சொன்ன வாக்கியமாக இருக்க வேண்டும். கலைஞர்களும், பேசியவர்களில் இரண்டு பேராவதும் உட்கார்ந்து தேர்வு செய்யட்டும். ஒரு சுவருக்கு ஒரு வாக்கியம் என்று கட்டுப்படுத்துவதற்குக் காரணம், சாலையில் போகிறவர் சுவரைப் பார்ப்பது ஐந்தாறு நொடிதான்.

படத்தில் உடைந்த சங்கிலி, உயர்த்திய முஷ்டி, கண் கட்டிய நீதிதேவதை, வெள்ளைப் புறா ஆகியவற்றைத் தவிருங்கள். இவை எந்த ஊருக்கும் பொருந்தும், ஆகவே இந்த ஊரைப் பற்றி எதுவும் சொல்லாது. அதேபோல் மூங்கில் கூடையோடு சிரித்துக்கொண்டு இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் பெண் டீத்தூள் பாக்கெட்டில் இருப்பவர். தோட்டத்தில் இன்று பார்ப்பது கத்தரி, நைலான் சாக்கு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் ஷீட், ரப்பர் பூட்ஸ். உள்ளதை உள்ளபடி வரைந்தால், தன் பூட்ஸைச் சுவரில் பார்க்கும் பெண் நின்று பார்ப்பார்.

அடையாளம் தெரியும் முகம் வேண்டாம். முதுகு, கை, பொருள் ஆகியவற்றைக் கொண்டே சொல்லலாம்.

மாதிரியை 20 அங்குலம், 8 அங்குலம் தாளில் போடுங்கள். ஒரு அங்குலம் ஒரு அடி என்று கணக்கு நேராக இருக்கும். வண்ணம் ஆறுக்குள் நிற்கட்டும். பிறகு அதை எடுத்துக்கொண்டு பேசிய இடங்களுக்குத் திரும்பப் போங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் சுவரை வெள்ளையடிக்க நேர்கிறவர்கள். ‘இதுல என்ன தெரியுது?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, விளக்கம் சொல்லாமல் இருங்கள். நீங்கள் நினைத்தது அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் படம் மாற வேண்டும். திருத்தத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

6. சுவர் பார்த்தல்

மலையில் பாதிச் சுவர்கள் தடுப்புச் சுவர்கள். பின்னால் மண், மண்ணுக்குள் வருடம் முழுக்க ஈரம். ஈரம் பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளும். எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் ஒரே மழைக்காலத்தில் கொப்பளித்து உரியும். பார்வைக்கு அழகாகச் சாலையோரம் நிற்பதால் எல்லோரும் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். அடியில் தண்ணீர் வடியும் துளைகள் வரிசையாக இருந்தால் அது தடுப்புச் சுவர், வேண்டாம்.

இரு பக்கமும் வெளி உள்ள சுவர், மேலே கூரை நீட்டம் ஒரு அடியாவது இருக்கும் சுவர், காலை வெயில் படும் சுவர்: பள்ளி, நூலகம், சமுதாயக் கூடம், பஸ் நிறுத்தத்தின் உட்பக்கம் ஆகியவற்றில் இப்படிப்பட்டதைத் தேடுங்கள்.

ஈரச் சோதனை எளிது. இரண்டடிக்கு இரண்டடி கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் 24 மணி நேரம் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் அந்தச் சுவர் உதவாது. புதுப் பூச்சாக இருந்தால் 28 நாள் ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிமெண்டின் காரம் நிறத்தை வெளுத்துவிடும்.

7. அனுமதி

பொது இடச் சுவர்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. வாய்மொழிச் சம்மதம் காப்பாற்றாது. ஊராட்சி, நகராட்சி, பள்ளி, நெடுஞ்சாலைத் துறை என்று சுவர் யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். மனுவோடு வண்ண மாதிரியையும் சுவரின் அளவையும் இணையுங்கள். படத்தைக் காட்டாமல் வாங்கிய அனுமதி, படம் தெரிந்ததும் ரத்தாகும். எஸ்டேட் நிர்வாகத்தின் சுவரில் எஸ்டேட் தொழிலாளியின் குறையை வரைய நினைக்காதீர்கள், விளைவு வரைந்தவருக்கு வராது, தொழிலாளிக்குத்தான் வரும்.

8. வாங்க வேண்டியவை

பெயிண்டை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ கலர் மெஷின் உள்ள கடையில் வாங்குவது வசதி.

வெளிப்புற அக்ரிலிக் பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) 4 லிட்டர். வெளிப்புற எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்) வெள்ளை 4 லிட்டர். மெஷினில் கலந்த அடர் வண்ணங்கள் ஐந்து, தலா 1 லிட்டர். சிவப்பும் மஞ்சளும் அடியை எளிதில் மறைக்காதவை, மூன்று கோட் கேட்கும், ஆகவே படத்தில் அவை அதிகம் இருந்தால் தலா 2 லிட்டர். வெளிப்புறப் புட்டி 5 கிலோ. கம்பி பிரஷ் 2, 80ஆம் எண், 120ஆம் எண் உப்புத்தாள், பிளீச்சிங் பவுடர் 1 கிலோ, 9 அங்குல ரோலர் 2, அரை அங்குலம் முதல் 4 அங்குலம் வரை பிரஷ்கள், நூல், நீலப்பொடி, பழைய தார்பாலின், மூடியுள்ள பக்கெட் 4, ரப்பர் கையுறை.

டிஸ்டெம்பர் வேண்டாம், அது உள்சுவருக்கானது, மழையில் கரையும். எனாமல் வேண்டாம், சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரம் உள்ளே தங்கி ஏடு ஏடாக உரியும். பணம் மிச்சம் பிடிக்க வெள்ளையில் ஸ்டெய்னர் (சிறு பாட்டிலில் வரும் நிறச்சாறு) கலந்து அடர் நிறம் உண்டாக்காதீர்கள். அளவு தாண்டினால் பெயிண்ட் சரியாகக் காயாது, கையில் ஒட்டும். வெளிர் நிறங்களுக்கு மட்டும் ஸ்டெய்னர்.

குறும்பர் ஓவியத்தில் செம்மண்ணும் இலைச்சாறும் மரப்பட்டையும் நிறமாகின்றன. திறந்த சுவரில் அவை மழைக்கு நிற்காது. அந்த நிறங்களைத் தாளில் தேய்த்துத் தரச் சொல்லி, அதைக் கடையில் காட்டி அதே சாயலில் எமல்ஷன் கலக்கலாம். சரியான சாயல் எது என்பதைக் கலைஞரே சொல்லட்டும்.

9. சுவரைத் தயார் செய்தல்

பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துப் பூசி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்க மட்டும் செய்தால் வேர் நின்று, அடுத்த மழையில் பெயிண்டுக்கு மேலேயே பச்சை கட்டும். கழுவியபின் மூன்று வெயில் நாள் காயட்டும்.

வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றினால் உப்பு திரும்ப உள்ளே போகும். விரிசலுக்குப் புட்டி, மறுநாள் உப்புத்தாள், பிறகு பிரைமர் ஒரு கோட், அடுத்த நாள் வெள்ளை இரண்டு கோட், இடையில் நான்கு மணி நேரம். இந்த வேலைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எல்லா மாணவரும் வர வேண்டாம், நான்கு பேர் போதும்.

10. கோடு

நூலில் நீலப்பொடி தடவி ஒரு அடிக் கட்டங்களாக அடியுங்கள். செங்காவிப் பொடியை எடுக்காதீர்கள், அழியாமல் நிற்கும். மாதிரித் தாளிலும் அங்குலக் கட்டம் போட்டு, A1, B2 என்பதற்குப் பதில் ‘அ1, ஆ2’ என்று எண் கொடுங்கள். போர்டு ஓவியருக்கும் மாணவருக்கும் ஒரே பேச்சாக இருக்கும்.

உருவங்களைப் பென்சிலில் வரைய வேண்டாம், வெளிர் நிறத்துக்கடியில் கரி கலங்கித் தெரியும். தண்ணீர் கலந்த வெளிர் மஞ்சள் பெயிண்டில் வரையுங்கள். முடித்ததும் சாலையின் எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். பக்கத்தில் சரியாக இருந்த கை, தூரத்தில் குட்டையாகத் தெரியும். திருத்த இதுவே கடைசி வாய்ப்பு.

11. வண்ணம்

காலை 10.30க்கு முன் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். சுவர் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் எமல்ஷன் ஏடாகப் பிடிக்காமல், பின்னால் பவுடராக உதிரும். சுவரில் கை வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் காத்திருங்கள். மாலை 3.30க்கு நிறுத்துங்கள். காயாத பெயிண்டில் மூடுபனி படிந்தால் பிசுபிசுப்பான கோடுகளாக வழியும், அடர் நிறத்தில் இது அசிங்கமாகத் தெரியும். ஆக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான் வேலை. இதை வைத்தே நாட்களைக் கணக்கிடுங்கள்: 160 சதுர அடிக்கு ஐந்து அல்லது ஆறு நாள்.

பெரிய பரப்பு முதலில், மேலிருந்து கீழ், வெளிரிலிருந்து அடர்த்திக்கு. ஓரக்கோடும் எழுத்தும் கடைசி. ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் சுவரில் நிற்க இடமில்லை. மற்றவர்கள் கலவை, பிரஷ் கழுவுதல், சாலையில் வருவோருக்குப் பதில் சொல்லுதல் ஆகியவற்றைப் பார்க்கட்டும், மதியம் இடம் மாற்றுங்கள். கலந்த நிறத்தைத் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கலந்து மூடி வையுங்கள். தீர்ந்தபின் அதே நிறம் மறுபடி வராது.

சரிவில் ஏணி சாய்க்காதீர்கள். எட்டடிச் சுவருக்கு நான்கு கால் பெஞ்சும், கீழே மட்டப்படுத்திய மண்ணும் போதும்.

பிரஷ் கழுவிய தண்ணீரை ஓடையிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. அது கீழே இருக்கும் குடியிருப்பின் குடிநீரில் போய்க் கலக்கும். பக்கெட்டில் ஒரு இரவு தெளியவிட்டு, மேலுள்ள நீரை மறுநாள் கழுவ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் தங்கிய கசடைக் காயவைத்துக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

12. எழுத்து

30 அடி தூரத்தில் படிக்க எழுத்து 4 அங்குலமாவது வேண்டும். ணை, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் இதைவிடச் சிறிதானால் அடைத்துக்கொள்ளும். வாக்கியம் பேசியவரின் பேச்சு நடையிலேயே இருக்கட்டும். மாணவர்கள் அதை ‘நல்ல தமிழாக’ மாற்றியதும் உயிர் போய்விடுகிறது. படுகு மொழியிலோ குறும்பர் மொழியிலோ எழுதினால், அம்மொழி பேசும் இரண்டு பேர் தனித்தனியே பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பிரஷ் தொடட்டும்.

13. பெயர், படம், திறப்பு

கீழ்மூலையில் பெயர்ப் பகுதிக்கு இரண்டடி ஒதுக்குங்கள். முதலில் உள்ளூர்க் கலைஞர்கள், பிறகு மாணவர்கள், கடைசியாகக் கல்லூரி. எல்லாம் ஒரே அளவு எழுத்தில். வாக்கியம் சொன்னவர் கேட்டால் மட்டுமே அவர் பெயர். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைத்தவர் என்று தன் பெயரைக் கோரும் உரிமையைக் கலைஞருக்குத் தருகிறது. காலண்டரிலோ டி-ஷர்ட்டிலோ அந்தப் படத்தைப் போட நினைத்தால் கலைஞரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பங்கும் தர வேண்டும்.

திறப்பு விழாவை ஞாயிறு வையுங்கள். திங்கள் காலை பத்து மணிக்கு வைத்தால் தோட்டத்து ஆட்கள் அரை நாள் கூலியை விட்டுத்தான் வர முடியும். குழந்தைகளின் முகத்தைப் பெற்றோர் சம்மதமில்லாமல் வெளியிடாதீர்கள்.

14. பராமரிப்பு

மீதிப் பெயிண்டை நிறம் எழுதி, இறுக மூடி, ஊரிலேயே ஒருவரிடம் கொடுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் இரண்டு மாணவர்களும் ஒரு கலைஞரும் வந்து பார்க்க வேண்டும். தரையிலிருந்து ஒரு அடி வரை மண் தெறித்துப் பாசி பிடித்திருக்கும். அதைக் கழுவி, உரிந்த இடத்தில் பிரைமரிலிருந்து தொடங்குங்கள். நேரே வண்ணம் தீட்டினால் அந்தத் திட்டு மட்டும் மறுபடி உரியும்.

அந்த வருகையிலேயே, சுவரில் எழுதிய குறை தீர்ந்ததா என்றும் விசாரியுங்கள். கழிப்பறை வந்துவிட்டால் எந்த மாதம் வந்தது என்று ஒரு வரியைச் சேர்க்க, வாக்கியத்துக்குக் கீழே ஆறு அங்குலம் வெற்றிடம் விட்டிருக்க வேண்டும். கோடு போடும் நாளிலேயே அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.